சூடு

பேசின் சுவரில் விலாவை உரசிக்கொண்டு போனது
மூன்றாம் தொட்டிக் கப்பி.
அதற்கு அரிக்கிறது; சொறியக் கையில்லை.
அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வாலில் உப்புக்கல் ஒட்டினாற்போல் வெள்ளை.
கல்முனையில் ஜௌஸியின் கடைக்குப் போனால்
எதற்கும் நீலப் போத்தலைத்தான் எடுத்து வைப்பார்:
"மனிசருக்குப் பனடோல், மீனுக்கு இது புள்ள."

வாங்கவில்லை.
மூடிப்போன லேப் ஒன்றின் நுணுக்குக்காட்டி
சீட்டுக்காசில் வாங்கியது, வீட்டில் இருந்தது.
அடிக்கண்ணாடியைத் திருப்பி
யன்னல் வெயிலைப் பிடிக்கவேண்டும்.
வெயில் போனால் நோயும் தெரியாது.

உயிரோடு பார்க்கவேண்டும்.
செத்து இரண்டு மணித்தியாலம் போனால்
ஒட்டுண்ணி சாமான் கட்டி இறங்கிவிடும்,
வாடகை வீட்டுச் சுவரில்
ஆணித் துளை மட்டும் மிஞ்சும்.

ஈரத்துணியில் படுக்கவைத்து
மூடுகண்ணாடி விளிம்பால்
தலையிலிருந்து வாலுக்கு ஒரே இழுப்பு.
பாவுக்குக் கஞ்சி பூசிப் பழகிய கைதான்,
என்றாலும் நடுங்கியது.
தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு.

முதலில் செதில். மறுகா ஒரு காற்றுக்குமிழி,
அதைப் பூச்சியென்று இரண்டு தரம் ஏமாந்தேன்.
பிறகுதான் வந்தது
உடம்பெல்லாம் மயிர் முளைத்து, ஆறுதலாக உருண்டு,
நடுவில் வளைந்த ஒரு பிறையோடு.

"பிறை கண்டாச்சு!" என்று கத்திவிட்டேன்.
தறியை நிறுத்திவிட்டு வந்தார் றிப்கான்.
"இண்டைக்கு றஜப் பதினேழுகா."
குனிந்தார். நெடுநேரம் எழும்பவில்லை.
"உருளுது" என்றார்.

வெள்ளைப்புள்ளி. அதற்குச் சூடும் உப்பும்.
தண்ணீர் சுட்டால் பூச்சி அவசரப்பட்டுத்
தோலை விட்டு இறங்கும்,
இறங்கிய இடத்தில் உப்பு காத்து நிற்கும்.
எட்டுத் தொட்டிக்கும் ஹீட்டர் போட்டேன்.
ஒன்றைப் பார்த்துவிட்டு
எட்டுக்கும்.

ஆறாம் தொட்டியிலும் வெள்ளைதானே?
வாயில் பஞ்சு கடித்தாற்போல்,
முதுகில் சேணம் இறக்கிய தழும்பாய் வெளிறி.
மருதமுனைக்காரிக்குப் பஞ்சு தெரியாதா,
பங்கசு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
விடிய முப்பத்தொன்று.
அசருக்குள் அறுபத்தெட்டு.
கைவலையால் அள்ளி எண்ணினேன்,
எண்ணாமல் கொட்ட மனம் வரவில்லை.

மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒன்றைச் சுரண்டினேன்.
நூல் தேடினேன், நூல் இல்லை.
பிறையும் இல்லை.
பெரிய வில்லைக்கு மாற்றினேன்.
மெல்லிய கோல்கள். நெளிந்து, வழுக்கி,
ஒன்றன்மேல் ஒன்று ஏறி
கால் மணித்தியாலத்துக்குள் செதிலோரம்
குவியல் குவியலாய் நின்றன.

மேற்கே, அறுவடை மெசின் இறங்காத சதுப்பு வயலில்
போன கிழமை கண்ட அதே வடிவம்.
அரிந்த கதிரைக் குவித்தால்
எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் சூடு.
இது பற்றீரியா வைத்த சூடு.
இதற்குத்தான் நான் இரவிரவாய்ச்
சூடு கொடுத்திருக்கிறேன்.

ஹீட்டரைப் பிடுங்கினேன். ஐஸ் போத்தல் மிதக்கவிட்டேன்.
வேறு மருந்து, வேறு வாளி, வேறு கைவலை.
அதன் பிறகுதான் ஒவ்வொரு தொட்டியாய்:
இரண்டில் பிறை.
மூன்றில் சூடு.
ஒன்றில், செவுளில் கொக்கி மாட்டித் தொங்கிய புழு.
இரண்டில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாத கண்ணாடியைத்தான்
அதிக நேரம் பார்த்தேன்.

வியாழன் மஃரிபுக்குப் பிறகு கொழும்பு லொறி வந்தது.
அந்த இரண்டு தொட்டி மீன்கள் மட்டும்
காற்றடைத்த பைகளில்.
லொறிப் பொடியன் ஒன்றைத் தூக்கி
ஹெட்லைட்டில் பிடித்தான்.
"அக்கா, இதில வெள்ளையா ஒண்டு கிடக்கு."

குமிழியாகத்தான் இருக்கும்.
யன்னலைப் பார்த்தேன்.
வெயில் எப்போதோ போயிருந்தது.

பையை இறக்கச் சொன்னேன்.